பதினான்கு வயதில் 12.8 நொடி: குறுந்தூர ஓட்ட வாழ்க்கையைப் பற்றிக் கடலூர்த் தந்தை ஒருவருக்குப் பதில்

கடலூரைச் சேர்ந்த நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள், மாவட்ட அளவிலான குடியரசு தினத் தடகளப் போட்டியில் 100 மீட்டரை 12.8 நொடியில் ஓடி முதலிடம் பெற்றிருக்கிறாள். ஓட்ட வீராங்கனைகளின் சர்வதேச வாழ்க்கை இருபத்தைந்து வயதோடு முடிந்துவிடும், ஆகவே உடனே பள்ளியை நிறுத்தி வெளியூரில் உள்ள தனியார் பயிற்சி மையம் ஒன்றில் சேர்த்துவிட வேண்டும் என்று ஒருவர் உங்களை வற்புறுத்துகிறார். புரதப் பொடி கொடுக்கலாமா, மரபணுப் பரிசோதனை செய்யலாமா, முகவரியைப் புதுச்சேரிக்கு மாற்றலாமா, ஆணி பொருத்திய ஓட்டக் காலணியான ஸ்பைக்ஸ் எப்போது வாங்குவது என்ற கேள்விகளையும் சேர்த்திருக்கிறீர்கள். ஒரு சர்வதேச ஓட்டக்காரியின் வாழ்க்கை எத்தனை ஆண்டுகள் என்று கேட்டிருந்தாலும், இப்போதே முடிவெடுக்காவிட்டால் காலம் கடந்துவிடுமோ என்ற அச்சம்தான் உங்கள் கேள்விக்கு அடியில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கடந்துவிடாது. அதை உறுதியாகச் சொல்ல முடிவதற்கான காரணங்களை விரிவாக எழுதுகிறேன்.

நான் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் தடகளப் பயிற்சியாளர் பட்டயம் பெற்று, பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் புதுச்சேரியிலும் கடலூரிலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுப்பதில் கழித்தவன். மருத்துவன் அல்லன். உங்கள் மகள் ஓடி நான் பார்த்ததும் இல்லை. எனவே அவளுடைய எதிர்காலத்தைப் பற்றி நான் எதுவும் கணித்துச் சொல்லப் போவதில்லை. குறுந்தூர ஓட்ட வாழ்க்கை பொதுவாக எப்படி அமைகிறது, அதில் எது உறுதி, எது ஐயத்துக்குரியது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

இருபத்தைந்து வயதோடு முடிந்துவிடும் என்பது தவறு. ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைஸ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 21. குழந்தை பெற்ற பிறகு மீண்டும் தடத்துக்கு வந்து, 2021இல் லொசானில் 10.60 நொடி என்ற தம் வாழ்நாளின் மிகச் சிறந்த நேரத்தை ஓடியபோது வயது 34. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் யூஜினில் உலகத் தடகளப் போட்டியில் 100 மீட்டர் தங்கம் வென்றபோது 35. ஜமைக்காவில் பிறந்த மெர்லீன் ஓட்டி 1980 மாஸ்கோவில் தொடங்கி 2004 ஏதென்ஸ் வரை ஏழு ஒலிம்பிக்குகளில் ஓடினார். ஒன்பது பதக்கங்கள் வென்றார், அவற்றில் ஒன்றுகூடத் தங்கம் இல்லை, ஆனால் அவர் 100 மீட்டரில் 10.74 ஓடியது 36 வயதில். நம் பி.டி. உஷா 1980 மாஸ்கோவுக்குப் போனபோது அவருக்கு 16 வயது. 1984 லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டர் தடையோட்டத்தில் 55.42 நொடியில் ஓடி, நொடியின் நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டில் வெண்கலத்தை இழந்தபோது 20. 1985 ஜகார்த்தா ஆசியத் தடகளத்தில் ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும், 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றபோது 21, 22. அதோடு அவர் முடிந்துவிடவில்லை; திருமணம், குழந்தை, இடைவெளி எல்லாவற்றுக்கும் பிறகு 1998 ஃபுகுவோகா ஆசியத் தடகளத்தில் 34 வயதில் 200, 400 மீட்டர் இரண்டிலும் வெண்கலம் பெற்றார். இவர்கள் விதிவிலக்கான மனிதர்கள் என்பது உண்மையே. ஆனால் இவர்களை விட்டுவிட்டுப் பார்த்தாலும், உலக அளவில் இறுதிப் பந்தயங்களுக்குத் தகுதி பெறுவோரில் பெரும்பாலோர் இருபதுகளின் நடுவிலும் பிற்பகுதியிலும் இருப்பவர்களே. உங்கள் மகளுக்கு அந்த வயது வர இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் இருக்கிறது.

சிறு வயது வெற்றி எதற்கு உறுதி தருகிறது, எதற்குத் தரவில்லை என்பதற்கு உசைன் போல்ட்டின் தொடக்கத்தைப் பார்க்கலாம். 2002இல் கிங்ஸ்டனில் 15 வயதில் 200 மீட்டரில் உலக இளையோர் தங்கம் வென்றார். 17 வயதில் 19.93 நொடி ஓடினார். அதே 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே வெளியேறினார். காயங்கள் அடுத்த ஆண்டுகளையும் தின்றன. பெய்ஜிங்கில் வென்றது அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 100 மீட்டரில் 9.58 ஓடியது 2009 பெர்லினில். உலகம் கண்டவர்களிலேயே மிகத் திறமையான இளையோருக்குக்கூட ஆறு ஆண்டுக் காத்திருப்பு தேவைப்பட்டது. பதினைந்தில் அவ்வளவு வேகமாக ஓடாதவர்களுக்கு இன்னும் நீண்ட பாதை இருக்கும், அதனால் குறை ஒன்றும் இல்லை.

இனி அந்த 12.8 நொடியைப் பார்ப்போம். அது கைக்கடிகாரத்தில், அதாவது ஸ்டாப்வாட்ச்சில் எடுத்த நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். துப்பாக்கியின் புகையைக் கண்டு விரல் அழுத்துவதற்குள் ஒரு கணம் கழிந்துவிடும். எல்லைக் கோட்டில் விரல் பெரும்பாலும் முந்திக்கொள்ளும். ஆகவே 100, 200 மீட்டர்களில் கை நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 நொடி கூட்டுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் உங்கள் மகளின் நேரம் ஏறத்தாழ 13.04. அதிலும் காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதைப் பள்ளிப் போட்டிகளில் யாரும் அளப்பதில்லை. பின்காற்று நொடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் இருந்தால் அந்த நேரம் சாதனையாகவோ தகுதியாகவோ ஏற்கப்படாது. நம் கரையில் ஜனவரி மாத வாடைக்காற்றிலும் பிற்பகலில் எழும் கடற்காற்றிலும் அந்த அளவு எளிதில் கடந்துவிடும். தடம் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதைப் பொறுத்து அது பிள்ளைக்கு உதவியும் இருக்கலாம், தடுத்தும் இருக்கலாம்.

ஒப்பீட்டுக்குச் சில எண்கள். ஒடிசாவின் டுட்டி சந்த் 2021இல் பாட்டியாலாவில் 100 மீட்டரில் தேசிய சாதனையாக ஓடியது 11.17. பாரிஸ் ஒலிம்பிக்கின் பெண்கள் 100 மீட்டர் நேரடித் தகுதி நேரம் 11.07. அதாவது அந்தத் தேசிய சாதனையும்கூடத் தகுதி நேரத்துக்கு நூற்றில் பத்துப் பங்கு பின்தங்கியே இருக்கிறது. 13.04 ஓடும் பெண், 11.17 ஓடுபவர் எல்லையைத் தொடும்போது ஏறத்தாழ 15 மீட்டர் பின்னால் இருப்பாள். பதினான்கு வயதில் அந்த இடைவெளி இருப்பது இயல்பானது. அது மூடவே மூடாது என்றோ கட்டாயம் மூடிவிடும் என்றோ இந்த ஒரு பந்தயத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இவள் நிச்சயம் இந்தியாவுக்கு ஓடுவாள் என்று உறுதி கொடுத்து அதற்குக் கட்டணமும் கேட்பவர், தமக்குத் தெரியாத ஒன்றை விற்கிறார்.

ஏன் சொல்ல முடியாது என்பதற்கு உடல் வளர்ச்சியே முதற் காரணம். பெண் பிள்ளைகள் பொதுவாகப் பன்னிரண்டு வயதை ஒட்டி மிக விரைவாக உயரம் கூடுகிறார்கள். சிலருக்கு அது ஓராண்டு முன்னும், சிலருக்கு இரண்டாண்டு பின்னும் நிகழும். முன்னதாக வளர்ந்த பிள்ளை பதின்மூன்று, பதினான்கில் மற்றவர்களை எளிதாக வெல்வாள். பின்னர் வளர்பவர்கள் பதினாறில் அவளை எட்டிப் பிடிப்பார்கள். உங்கள் மகள் எந்த வகை என்று தெரியாமல் அவள் நேரத்துக்குப் பொருள் சொல்வது கடினம். பருவமடைந்த பிறகு இடுப்பு அகலமும் எடையும் மாறுவதால், நேரம் ஓரிரு ஆண்டுகள் முன்னேறாமல் நிற்பதும் சற்றே பின்னோக்கிப் போவதும் மிகப் பொதுவான ஒன்று. நான் கண்டவரையில் பெண் பிள்ளைகள் ஓட்டத்தை விட்டுவிடுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். நேரம் நின்றதும் பயிற்சியாளர் பயிற்சியை இரட்டிப்பாக்குகிறார், வீட்டில் எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள், பிள்ளை காயப்படுகிறாள். ஒரு சர்வதேச வாழ்க்கை உருவாகிறதா உடைகிறதா என்பது பதினாறுக்கும் இருபத்திரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் முடிவாகிறது. பதினான்கில் நாம் செய்ய வேண்டியது அந்த ஆண்டுகளுக்கு அவளைக் காயமின்றி, ஆர்வம் குறையாமல் கொண்டு சேர்ப்பது.

அதற்கு என்ன பயிற்சி என்று கேட்பீர்கள். நம் பக்கத்து மைதானங்களில் நூறு மீட்டர் ஓடும் பிள்ளையைக் காலையில் பத்துச் சுற்று ஓடவிட்டு, களைத்துப் போன காலோடு வேக ஓட்டம் ஓடவைக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. வேகம் என்பது நரம்பும் தசையும் சேர்ந்து கற்கும் வேலை. களைப்பில் அதைக் கற்க முடியாது. பதினான்கு வயதில் வாரத்துக்கு இரண்டு நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி விட்டு, 20 முதல் 40 மீட்டர் வரையிலான முழு வேக ஓட்டங்கள் சில போதும். ஓடிய ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓய்வு என்பது பயிற்சியாளர்களிடையே வழங்கும் கணக்கு. 30 மீட்டர் ஓடிவிட்டு மூன்று நிமிடம் நிற்பதைப் பார்த்து, பிள்ளை சும்மா நிற்கிறாள் என்று பெற்றோர் கவலைப்பட வேண்டாம். மற்ற நாள்களில் நீளம் தாண்டுதல், சிறு தடைகளைத் தாண்டி ஓடுதல், கனப்பந்து எறிதல், தன் எடையைக் கொண்டே செய்யும் வலுப் பயிற்சிகள் ஆகியவை இருக்கட்டும்.

உஷா பய்யோளிக் கடற்கரையில் பயிற்சி செய்ததைக் கேள்விப்பட்டு, தேவனாம்பட்டினத்தில் பிள்ளைகளை மணலில் ஓடவைக்கும் பெற்றோர் பலர். அதில் தவறில்லை, ஆனால் அளவு வேண்டும். தளர்ந்த மணலில் பாதம் தரையில் நீண்ட நேரம் தங்கிவிடும். வேக ஓட்டத்துக்குத் தேவையானதோ அதற்கு நேர்மாறானது. மணல் ஓட்டம் கணுக்காலுக்கும் தொடைக்கும் வலுத் தரும். உச்ச வேகம் கற்றுத் தராது. உஷாவின் பின்னால் ஓ.எம். நம்பியார் என்ற பொறுமையான பயிற்சியாளர் பல ஆண்டுகள் இருந்தார் என்பதை, மணலை மட்டும் நினைப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். சிந்தடிக் தடத்தில் ஓடிப் பழக வேண்டிய கட்டம் பின்னால் வரும். இப்போது மாதத்தில் சில நாள் போதும். உள்ளூர் மண் தரையோ பள்ளி மைதானமோ இந்த வயதுக்கு ஒரு குறையும் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் மைதானம் வாரக்கணக்கில் நீர் தேங்கிக் கிடக்கும் என்பதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தை வலுப் பயிற்சிக்கும் படிக்கட்டுத் தாவல்களுக்கும் ஒதுக்கிக்கொள்வது நம் ஊருக்கு ஏற்ற திட்டம். கத்திரி வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

காயங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் சற்று நிறுத்திச் சொல்கிறேன். ஓட்டக்காரர்களின் ஆண்டுகளைக் களவாடுவது தொடையின் பின்தசைக் கிழிவு. கால் முன்னோக்கி வீசப்பட்டு, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், அந்தத் தசை நீண்டுகொண்டே பெரும் விசையைத் தாங்குகிறது; முழு வேகத்தில் கிழிவது பெரும்பாலும் அந்தக் கணத்தில். ஒருமுறை கிழிந்தவருக்கு மீண்டும் கிழிய வாய்ப்பு மிகுதி என்பது ஐயமில்லாமல் நிறுவப்பட்டது. இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது என்று நினைத்து, மாநிலப் போட்டி வருகிறதே என்று ஓடவைப்பதே இரண்டாம் கிழிவுக்கு வழி. போல்ட் தம் கடைசிப் பந்தயமான 2017 லண்டன் தொடரோட்டத்தில் தொடைத் தசை பிடித்து எல்லைக்கு முன்பே விழுந்தார். அந்தத் தசையை நீட்டிக்கொண்டே வலுவூட்டும் பயிற்சிகள் கிழிவைக் குறைக்கின்றன என்பதற்கு நல்ல சான்று உண்டு. முழங்காலை ஊன்றி, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல முன்னோக்கிச் சாய்ப்பது அவற்றில் ஒன்று. அதைப் படிப்படியாகத் தொடங்க இதுவே நல்ல வயது. மாறாக, ஓட்டத்துக்கு முன் நீண்ட நேரம் தசையை இழுத்துப் பிடித்து நிற்பதால் கிழிவு குறையும் என்பது பலரும் நம்புவது. அதற்கான சான்று வலுவாக இல்லை.

பெண் பிள்ளை என்பதால் இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் வராமல் போனால், அதைப் பயிற்சியின் அடையாளம் என்று எண்ணிப் பெருமைப்படுவது ஆபத்தானது. செலவாகும் ஆற்றலுக்கு உணவு போதவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். அந்நிலை நீடித்தால் எலும்பு வலுவிழந்து கீறல் முறிவு வரும். உடனே மருத்துவரைப் பாருங்கள். இரத்தசோகை நம் மாவட்டங்களில் பெண் பிள்ளைகளிடம் பரவலாக இருக்கிறது. ஹீமோகுளோபினோடு, உடலில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது, நீங்கள் கேட்ட மரபணுப் பரிசோதனையைவிடப் பல மடங்கு பயனுள்ளது. அந்த மரபணுப் பரிசோதனைகள் காட்டும் 'வேக மரபணு' வகை, ஒலிம்பிக் ஓட்டக்காரர்களிடம் மிகுதியாக இருப்பது உண்மை; ஆனால் ஓடவே ஓடாத மக்களிலும் பெரும்பகுதியினரிடம் அது இருக்கிறது. ஆகவே அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் முடிவு மாறக் கூடாது. பணத்தை முட்டைக்கும் மீனுக்கும் வேர்க்கடலைக்கும் முருங்கைக்கீரைக்கும் செலவிடுங்கள்.

புரதப் பொடியைப் பற்றி என் பதில் கடுமையாக இருக்கும். வேண்டாம். அதற்கு முதற் காரணம் தேவையின்மை. இரண்டாவது காரணம், துணை உணவுப் பொருள்களில் சீட்டில் அச்சிடப்படாத தடைசெய்யப்பட்ட பொருள்கள் கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது என்பது. ஊக்கமருந்து விதிகளில் உடலில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு. எப்படி வந்தது என்று தெரியாது என்ற விளக்கம் குற்றத்தை நீக்காது. டுட்டி சந்தின் வாழ்க்கை இரண்டு விதத்திலும் பாடம். 2014இல், 18 வயதில், இயற்கையாகவே உடலில் இருந்த ஹார்மோன் அளவைக் காரணம் காட்டி அவர் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார், விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்தில் வழக்காடி, 2015இல் அந்த விதியையே நிறுத்திவைக்கச் செய்தார், ரியோவுக்குப் போனார், 2018 ஆசிய விளையாட்டில் 100, 200 இரண்டிலும் வெள்ளி வென்றார். அவ்வளவு போராடிப் பெற்ற வாழ்க்கை, 2022 டிசம்பரில் எடுத்த மாதிரிகளில் தடைசெய்யப்பட்ட பொருள் கண்டறியப்பட்டதால் நான்காண்டுத் தடையில் வந்து நின்றது. அமெரிக்காவின் கிறிஸ்டியன் கோல்மன் மருந்தே எடுக்காமல், தாம் இருக்கும் இடத்தைச் சோதனையாளர்களுக்குச் சரியாகத் தெரிவிக்கத் தவறியதற்காகத் தடை பெற்று டோக்கியோ ஒலிம்பிக்கை இழந்தார். சர்வதேச அளவுக்குப் போகிறவர்களின் அன்றாடம் இப்படிப்பட்டது. பயிற்சி மையத்தில் எந்தப் பெயரில் எந்த ஊசியோ மாத்திரையோ கொடுத்தாலும், அதன் பெயரை எழுதி வாங்காமல் பிள்ளை எதையும் ஏற்கக் கூடாது.

அவள் 100 மீட்டருக்கே பிறந்தவள் என்று இப்போதே முடிவு கட்டிவிடவும் வேண்டாம். இந்தியப் பெண்கள் ஆசிய அளவில் நிலையாக வென்றது 400 மீட்டரிலும் தொடரோட்டத்திலும்: 2002 முதல் 2018 வரை ஐந்து ஆசிய விளையாட்டுகளில் பெண்கள் 4×400 தங்கம் தொடர்ந்து நம்முடையது. ஓர் அணிக்கு மாற்று ஓட்டக்காரர்களையும் சேர்த்து ஐந்தாறு பேர் தேவை. 100 மீட்டரில் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற ஒருவர் 11.07 ஓட வேண்டியிருந்தது. எந்த வாசல் அகலமானது என்பது தெளிவு. உஷாவே 400 மீட்டர் தடையோட்டத்தை முழுமையாகக் கையிலெடுத்தது லாஸ் ஏஞ்சலஸுக்குச் சில மாதங்களுக்கு முன்புதான். கோயம்புத்தூரின் வித்யா ராம்ராஜ் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதே 55.42ஐ ஓடி, 39 ஆண்டுகள் நின்ற உஷாவின் தேசிய சாதனையைச் சமன் செய்து, இறுதியில் வெண்கலமும் வென்றபோது அவருக்கு 25 வயது. உங்களிடம் ஒருவர் எல்லை என்று சொன்ன அதே வயது. உங்கள் மகள் பதினாறு, பதினேழில் 200, 400 மீட்டர்களையும் ஓடிப் பார்க்கட்டும்.

படிப்பை நிறுத்துவதை நான் எதிர்க்கிறேன். திறமையும் உழைப்பும் உள்ள பிள்ளைகளிலும் மிகச் சிலரே இந்தியச் சீருடை அணிகிறார்கள். அது அவர்கள் குறையன்று, எண்ணிக்கையின் இயல்பு. ஆனால் தேசிய அளவில் நல்ல இடம் பெற்றவர்களுக்கு ரயில்வே, காவல்துறை, இராணுவம் ஆகியவற்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கிறது, உஷாவே தெற்கு ரயில்வேயில் இருந்தவர். அந்த வேலைகளுக்குப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேவை. வீட்டை விட்டு அனுப்பத்தான் வேண்டும் என்றால், பள்ளிப் படிப்பும் பயிற்சியும் சேர்ந்து நடக்கும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வில் கலந்துகொள்ளச் செய்யுங்கள். அங்கேயும் பெண் பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளர் இருக்கிறாரா, நீங்கள் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்க முடியுமா என்பதை நேரில் கேட்டுவிட்டுச் சேருங்கள். உள்ளூரிலேயே அவளை நன்கு அறிந்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருந்தால், பத்தாம் வகுப்பு முடியும் வரை அவரிடமே இருப்பது என் விருப்பம்.

முகவரியைப் புதுச்சேரிக்கு மாற்றினால் அணியில் எளிதாக இடம் கிடைக்கும் என்கிறார்கள். புதுச்சேரி தனி அணியாகப் பங்கேற்பதும், ஓடுவோர் எண்ணிக்கை குறைவு என்பதும் சரியே. ஆனால் தேசியப் போட்டியில் எல்லாருக்கும் ஒரே தடம், ஒரே கடிகாரம். தமிழ்நாட்டில் கடும் போட்டிக்கு நடுவே ஓடிய பிள்ளைதான் அங்கே பதறாமல் நிற்பாள். நீங்கள் உண்மையிலேயே வேலை காரணமாகக் குடிபெயர்ந்தால் புதுச்சேரி உப்பளம் பகுதியில் உள்ள விளையாட்டரங்கில் நன்றாகப் பயிற்சி செய்யலாம். போலி முகவரி, திருத்திய பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பக்கமே போக வேண்டாம். இளையோர் போட்டிகளில் வயதைச் சரிபார்க்க எலும்புப் பரிசோதனையும் செய்கிறார்கள்.

ஸ்பைக்ஸைப் பொறுத்தவரை, அவள் கால் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் விலை உயர்ந்தது வாங்க வேண்டாம். முதலில் நல்ல சாதாரண ஓட்டக் காலணி ஒன்று. அதோடு போட்டிக்கும் வாரம் ஒரு நாள் வேகப் பயிற்சிக்கும் மட்டும் அணிய, சோல் மிக விறைப்பாக இல்லாத தொடக்கநிலை ஸ்பைக்ஸ் ஒன்று போதும். சிந்தடிக் தடத்துக்குக் குட்டை ஆணியும் மண் தரைக்கு நீள ஆணியும் தேவைப்படும் என்பதால், ஆணிகளைக் கழற்றி மாட்டக்கூடியதாகப் பார்த்து, அவளையே கடைக்கு அழைத்துப் போய், காலுறை இல்லாமலும் போட்டு நடக்கச் சொல்லி வாங்குங்கள்.